கேட்டிலிருந்து வாசற்படி வரை...

“பளபளன்னு டைல்ஸ் ஒட்டிட்டா ஆயுசுக்கும் கவலை இல்லம்மா. ஒரு துடைப்பு துடைச்சு விட்டாப் போதும், கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார் மேஸ்திரி.

“கண்ணாடி மேலயா என்னை நடக்கச் சொல்றீங்க, மேஸ்திரி?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. என் மாமியாரின் குரல்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்து நின்றிருந்தார்.

மேஸ்திரி சிரித்து மழுப்பினார். என் கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது.

வீட்டுக்குள் போடும் தரையைப் பற்றி நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! மொசைக்கா, மார்பிளா, டைல்ஸா என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஆனால் கேட்டிலிருந்து வாசற்படி வரை, கார் வந்து நிற்கிறதே, அந்தத் தரை? “மிச்சம் இருக்கிற சிமெண்டை வச்சு முடிச்சுடுங்க” என்பதோடு சரி. நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதற்குக் கொடுத்த விலை என்ன, பிறகு எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதைச் சொன்னால், புதிதாக வீடு கட்டும் சகோதரிகள் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழவழப்பின் விலை

தாம்பரம் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டியது 2009-இல். கேட்டிலிருந்து படி வரை 10 அடி அகலம், 30 அடி நீளம். அத்தனையும் சிமெண்ட் தரை. “பெருக்கறதுக்குச் சுலபமா இருக்கணும்” என்று நான்தான் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிக் கொடுத்தார்கள். முதல் வருஷம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருஷம் நடுவில் ஒரு விரிசல் ஓடியது. ஐந்தாறு வருஷத்தில் அது மூன்று விரிசலானது. கார் சக்கரம் ஏறும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். மழை நின்ற பிறகும் நான்கு நாள் அதில் தண்ணீர் நிற்கும். மாமரத்து நிழல் ஒரு பக்கம், மாடித் தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு பக்கம். (மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற வியாதி நம்மில் யாருக்குத்தான் இல்லை?) ஐப்பசி பிறந்தால் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்துவிடும். வாரம் ஒருமுறை தேய்ப்பேன். ஒரு வாரம் தவறினால் போச்சு.

2021 நவம்பரில் சென்னையில் விடாமல் மழை பெய்தது நினைவிருக்கும். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். “நாளைக்குத் தேய்ச்சுக்கலாம்” என்று இரண்டு நாளாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணி. கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துவரப் போனார் அத்தை. “ஐயோ!” என்று ஒரே ஒரு சத்தம்.

இடுப்போடு தொடை எலும்பு சேரும் இடத்தில் முறிவு. அவருக்கு அப்போது வயது 74. அறுவை சிகிச்சை, பிறகு படுக்கை, பிறகு வாக்கர். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வலுவிழந்துகொண்டே வரும், இளம் வயதில் வெறும் சிராய்ப்போடு போயிருக்கக்கூடிய விழுக்காடு இந்த வயதில் எலும்பையே முறித்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஆஸ்பத்திரிக்குச் செலவழித்த பணத்தில் அந்தத் தரையை மூன்று முறை மாற்றியிருக்கலாம். பணம் போகட்டும். “நாளைக்குத் தேய்ச்சுக்கலாம்” என்ற அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் ஒலிக்கிறது.

அத்தை என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தரையை மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது, “நான் நடக்கிற தரையைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க” என்றார்.

தரை காருக்கா, காலுக்கா?

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. எங்கள் கார் அந்தத் தரையில் காலையில் ஒரு தடவை போகிறது, மாலையில் ஒரு தடவை வருகிறது. அவ்வளவுதான். நாங்கள்? ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கோலம் போட, பால் எடுக்க, குப்பை போட, காய்கறிக்காரரைக் கூப்பிட, குழந்தைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற, கூரியர் வாங்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று போக வர ஐம்பது நடைக்கு மேல்! அதுவும் பாதி நேரம் வெறுங்காலோடு, ஈரத்தில், கையில் ஏதாவது சுமையோடு.

காருக்காகத் தரை போட்டுவிட்டு, காலால் நடக்கிறவர்களை மறந்துவிடுகிறோம். இதுதான் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, ‘பராமரிப்பு வேண்டாம்’ என்றால் ‘வழவழப்பு’ என்று நினைப்பது. வழவழப்பான தரையைப் பெருக்குவது சுலபம்தான். ஆனால் ஈரம் நின்றால் அதுதான் முதலில் வழுக்கும். நன்றாக யோசித்துப் பாருங்கள். பாசி, விரிசல், பள்ளம், கறை, கொசு, இவை அத்தனைக்கும் மூலகாரணம் தண்ணீர். தண்ணீர் நிற்காத தரைதான் வேலை வைக்காத தரை. பளபளப்பா, சொரசொரப்பா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

அத்தை வைத்த பரீட்சை

2022 ஏப்ரலில் என் கணவர் கல் விற்கும் கடைகளுக்கு அலைந்து, மாதிரிக்காக ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று துண்டுகள் வாங்கிவந்தார். வாசலில் வரிசையாகப் பரப்பி வைத்தோம். விலையைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து முடிவு செய்துவிடாமல் நாங்களே ஒரு பரீட்சை வைத்தோம். நீங்களும் வைத்துப் பார்க்கலாம், காசு செலவில்லாத பரீட்சை.

ஒன்று, பகல் ஒரு மணி வெயிலில் வெறுங்காலை வைத்துப் பார்ப்பது. இரண்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி ரப்பர் செருப்போடு தேய்த்துப் பார்ப்பது. மூன்று, அதிலேயே கொஞ்சம் சோப்புத் தண்ணீரை விட்டு மறுபடி தேய்ப்பது. நான்கு, கொஞ்சம் எண்ணெயைச் சொட்டி, மறுநாள் கழுவிப் பார்ப்பது. ஐந்து, எலுமிச்சம்பழச் சாற்றில் நாலு சொட்டு விடுவது. ஆறாவது அத்தையே சேர்த்தது: “வாக்கரை வச்சுத் தள்ளிப் பார்க்கணும்.” (காலால் தேய்க்கும்போது பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பரீட்சையிலேயே விழுந்துவைக்கக் கூடாது!)

பளபளப்பான டைல்ஸ் இரண்டாவது கேள்வியிலேயே தோற்றுப்போனது. தண்ணீர் பட்டதும் செருப்பு சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. கார் நிறுத்தும் இடத்துக்கென்றே மேடு பள்ளமாக வருகிற தடித்த டைல்ஸ் பரவாயில்லை, வழுக்கவில்லை. ஆனால் அந்த வரிப்பள்ளங்களில் மண் அடைந்தால் பல் துலக்குவது மாதிரி பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. டைல்ஸுக்குக் கீழே கெட்டியான கான்கிரீட் வேண்டும். ஒட்டும்போது அடியில் எங்காவது வெற்றிடம் விட்டுவிட்டால், கார் சக்கரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும்.

கடப்பா கல்லும் தண்டூர் கல்லும் பார்க்க லட்சணமாக இருந்தன. இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. அதனால் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் சற்று நேரத்தில் வெளிறிப் போயிற்று. புளித்தண்ணீர், கழிப்பறை கழுவும் ஆசிட் எது சிந்தினாலும் இதே கதிதான். கறுப்புக் கடப்பா ஒரு மணி வெயிலில் தோசைக்கல்! கால் வைக்க முடியவில்லை. பாலிஷ் போட்டதென்றால் மழையில் வழுக்கவும் செய்யும். பாலிஷ் போடாத சொரசொரப்பான தண்டூர் கல் மாமரத்து நிழல் விழும் நடைபாதைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கார் ஏறும் இடத்துக்கு மெல்லிய கல் தாங்காது.

உளியால் கொத்திய கருங்கல் எல்லாக் கேள்வியிலும் முதல் மார்க். வழுக்காது, ஆசிட் அதை லேசில் தொடாது, பேரன் காலம் வரைக்கும் இருக்கும். நம் கோயில் பிராகாரங்களில் எத்தனை நூற்றாண்டாகக் கிடக்கிறது! வெயிலில் சுடத்தான் செய்கிறது. ஆனால் விலையும் போடுகிற கூலியும் எங்கள் கைக்கு எட்டவில்லை. 300 சதுர அடிக்கு அதைப் போட்டால் வேறு எதுவும் செய்ய முடியாது.

செம்மண் கிராவல் எல்லாவற்றிலும் மலிவு, தண்ணீரையும் உறிஞ்சும். ஆனால் மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி, வீட்டுக்குள் சிவப்பு சிவப்பாகக் காலடி! வாக்கரும் அதில் நகராது. கூழாங்கல்லும் அப்படியே. நடுவில் புல் முளைக்கிற மாதிரி ஓட்டை வைத்த கல்லும் வந்திருக்கிறது. படத்தில் பார்க்கக் குளுகுளுவென்று இருக்கிறது. அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வெட்டுவதும் யார்? நாம்தான்!

மறுபடியும் சிமெண்ட் கான்கிரீட்டே போடலாமா என்றும் யோசித்தோம். அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எங்கள் பழைய தரையின் குற்றம் சிமெண்டின் குற்றமல்ல, போட்ட விதத்தின் குற்றம். சிமெண்ட் பால் ஊற்றித் தேய்க்காமல், மேற்பரப்பு இறுகுவதற்கு முன் துடைப்பத்தைக் குறுக்காக இழுத்துக் கோடு கோடாக விட்டிருந்தால் கால் பிடித்திருக்கும். முழுசாக ஒரே பாளமாகப் போடாமல், ஆங்காங்கே இடைவெளிக் கோடு விட்டிருந்தால் கண்ட இடத்தில் விரிந்திருக்காது. போட்ட பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு நாளில் விட்டுவிட்டோம். துடைப்பக் கோடு போட்ட கான்கிரீட், கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நல்ல வழி. ஒரே குறை, மழைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்காது. உடைந்தால் ஒட்டுப் போட்டது வேட்டியில் போட்ட ஒட்டு மாதிரி தெரியும்.

கடைசியில் தேறியது பேவர் பிளாக் என்று சொல்கிறார்களே, அந்தக் கோத்துக்கொள்ளும் சிமெண்ட் கல். சொரசொரப்பு இருக்கிறது. சாயம் போடாத சாம்பல் நிறக் கல் கறுப்புக் கல்லைவிட வெயிலில் குறைவாகவே சுட்டது. சிவப்பும் மஞ்சளும் கலந்து போடலாம் என்றாள் மகள். அந்தச் சாயம் வெயிலில் வெளுத்துக்கொண்டே போகும். வெளுக்கிறதுக்கு அதில் என்ன இருக்கிறது என்று சாம்பலையே எடுத்துக்கொண்டோம். அத்தை வாக்கரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஓரம் ரொம்பச் சரிவாகச் செதுக்கிய கல்லில் டக் டக்கென்று இடிக்கிறது என்றார். ஓரம் அதிகம் சரியாத, நெருக்கிப் பொருந்துகிற கல்லைத் தேர்ந்தெடுத்தோம். கடைக்காரர் காட்டிய பத்து மாதிரியில் எங்களுக்கு இந்த யோசனையே தோன்றியிருக்காது.

கல்லுக்குக் கீழேதான் விஷயம்

கல்லைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் ஆயிற்று. இந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் பேவர் போட்டு, ஒரே வருஷத்தில் அலை அலையாக எழும்பி நிற்கிறது. கல் ஒன்றுதான், போட்டவிதம் வேறு. ஆகவே வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம்மை ஏமாற்ற யாரும் துணியாதபடி இவை தெரிந்திருப்பது நல்லது.

கல்லின் கனம் முதலில். வெறும் ஆள் நடக்கும் பாதைக்கு 50 மில்லிமீட்டர் கல் போதும். கார், ஸ்கூட்டர் வரும் வீட்டுக்கு 60 மில்லிமீட்டர் வேண்டும். கனத்த வண்டி வருகிற இடத்துக்கு 80. “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்பார்கள். ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். ஒரு கல்லை உடைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இல்லாமல் நெருக்கமாக இருக்க வேண்டும். போன வாரம் வார்த்த கல்லை ஏற்றி அனுப்பிவிடவும் கூடாது. கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் ஆகும்.

அடுத்தது அடித்தளம். பழைய தரையை உடைத்து எடுத்து, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் ஆறு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து போட்டு, மறுபடி இறுக்கினார்கள். எங்கள் வேலைக்கு இயந்திரம் கொண்டுவந்து தட்டினார்கள், அது இன்னும் நல்லது. அதற்கு மேல் ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்கு மணல். மணலைக் கனமாகப் பரப்பிப் பள்ளத்தை நிரப்பிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பிற்பாடு கல் அமுங்குவது அங்கேதான். கல்லைப் பரப்பிய பிறகு இடுக்குகளில் நைஸ் மணலைப் பெருக்கி விட்டு, மேலே இயந்திரத்தை ஓட்டி, மறுபடி மணல் தூவிப் பெருக்க வேண்டும்.

“இடுக்கை சிமெண்டால அடைச்சுட்டா புல்லே முளைக்காதும்மா” என்று மேஸ்திரி ஆசை காட்டினார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சிமெண்டால் அடைத்தால் மழைத் தண்ணீர் இறங்கும் வழியும் போயிற்று, ஒரு கல்லை மட்டும் தனியாக எடுத்துச் சரி செய்யும் வசதியும் போயிற்று. பிறகு பேவர் எதற்கு?

இரண்டு பக்கமும் ஓரக்கல் பதித்து அணை கட்டியது மாதிரி நிறுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் கார் திரும்பத் திரும்ப, கற்கள் வெளிப்பக்கமாக நகர்ந்து வாய் பிளக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் வாட்டம். 10 அடிக்கு இரண்டரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் நிற்காது, நடக்கிறவர்களுக்கும் சரிவு தெரியாது. அந்த வாட்டம் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கவே கூடாது. பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே கல் அடுக்கினால் வாசற்படியின் உயரம் குறைந்து, ஒரு பெரிய மழைக்குத் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். ஏற்கெனவே ரோடு போடப் போட நம் வீடுகள் பள்ளமாகிக்கொண்டு வருகின்றன. நாமே வேறு ஏன் வாசலை உயர்த்திக்கொள்ள வேண்டும்?

வாசலில் விழும் மழை யாருடையது?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. எங்கள் வாசல் 300 சதுர அடி. அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 2,800 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 186 குடம்! 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியானால் எங்கள் வாசலில் மட்டும் விழுந்தது 13,600 லிட்டருக்கு மேல். அத்தனையும் வழவழப்பான சிமெண்டில் வழுக்கிக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. தெரு ஏற்கெனவே முழங்கால் வெள்ளம்.

அதே சென்னையில் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நிலைமை வந்தது. எங்கள் கிணற்றில் அப்போது வாளி தரை தட்டியது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். நாங்களும் மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்திருந்தோம். வாசலில் விழும் தண்ணீரைப் பற்றி நினைக்கவேயில்லை.

இந்த முறை கேட்டுக்கு உள்பக்கம், குறுக்கே ஒரு சிறு கால்வாய் வெட்டி, மேலே துளை போட்ட பலகைக் கல் மூடி, அதை ஓரத்தில் ஒரு கசிவுக் குழியில் சேர்த்துவிட்டோம். குழி மூன்றேகால் அடிச் சதுரம், ஐந்தடி ஆழம். உள்ளே செங்கல் ஜல்லியும் கூழாங்கல்லும். பேவர் இடுக்கில் இறங்கியது போக, வழிந்து வரும் தண்ணீர் இங்கே போகிறது. காரில் எண்ணெய் ஒழுகினாலோ, வாசலைச் சோப்புப் போட்டுக் கழுவினாலோ அந்தத் தண்ணீர் குழிக்குப் போகாமல் தடுத்துவிட வேண்டும். அது நாளைக்கு நம் கிணற்றுக்குத்தான் வரும்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்குக் கல் பதிக்காமல் மண்ணாகவே விட்டு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்தேன். மாமரத்தைச் சுற்றியும் மூன்று அடி விட்டாயிற்று. மரத்தின் கழுத்து வரை கல்லை நெருக்கினால் மரத்துக்கும் மூச்சு முட்டும், வேர் பருத்துக் கல்லையும் தூக்கிவிடும்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பேவர் இடுக்கில் கோலம் அமையாது! புள்ளி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். அதற்கும் வழி செய்துகொண்டேன். படிக்கு முன்னால் நாலடிக்கு நாலடி, கொத்திய கருங்கல் பதித்துவிட்டார் மேஸ்திரி. மொத்தத்துக்கும் முடியாவிட்டாலும் அந்த ஒரு இடத்துக்குக் கருங்கல் கட்டுப்படியானது. மார்கழியில் அதுதான் என் சிம்மாசனம். படியோரம் அத்தைக்காக ஒரு கைப்பிடிக் கம்பியும் வைத்தோம்.

இப்போது எவ்வளவு வேலை?

2022 ஜூனில் முடித்தோம். மழைக்காலங்களைப் பார்த்தாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருத் தண்ணீர் உள்ளே ஏறத்தான் செய்தது. ரோட்டில் வெள்ளம் வந்தால் எந்தத் தரையும் தடுக்காது, அதை ஒளிக்கவில்லை. ஆனால் தெருவில் வடிந்த பிறகு எங்கள் வாசலில் ஒரு குட்டைகூட நிற்கவில்லை. தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். குழந்தை உள்ள வீட்டில் வாசல் குட்டை வேண்டவே வேண்டாம்.

பராமரிப்பே இல்லாத தரை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வாரம் ஒருமுறை இருந்த வேலை இப்போது வருஷத்துக்கு மூன்று நான்கு நாளாகச் சுருங்கிவிட்டது. தினமும் தென்னந்துடைப்பத்தால் ஒரு பெருக்கு, அது எப்படியும் உண்டு. இடுக்கில் முளைக்கும் புல்லை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். விட்டுப்போனதில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கருகிவிடும் (குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்). உப்புப் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். செடியும் கெடும், மண்ணும் கெடும். எறும்பு இடுக்கு மணலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தை மாதம் ஒருமுறை கொஞ்சம் நைஸ் மணலைப் பெருக்கி விடுகிறேன்.

ஸ்கூட்டர் எண்ணெய் சொட்டினால் உடனே சாம்பலோ மரத்தூளோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளிவிட்டு, பிறகு சோப்புப் பொடி போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். காய விட்டால் கறை நிற்கும்.

மாமரத்து நிழலில் மட்டும் இன்னமும் லேசாகப் பாசி வரும். புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் முன், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி ஊறவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுகிறேன். கையில் உறை, காலில் செருப்பு, செடிப் பக்கம் படாமல். ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு எந்தக் கழுவும் மருந்தையோ சேர்த்துவிடாதீர்கள். நெஞ்சை அடைக்கும் விஷ வாயு வரும்.

போன வருஷம் கேட் ஓரத்தில், கார் திரும்பும் இடத்தில் ஐந்தாறு கல் அமுங்கிவிட்டது. பழைய தரையாக இருந்தால் உடைப்பு, பூச்சு, கூலி, மூன்று நாள் வேலை. இப்போது என் மகன் கடப்பாரையால் நெம்பிக் கல்லை எடுத்து, கீழே மணல் போட்டுத் தட்டி, அதே கல்லைத் திரும்ப வைத்தான். அரை மணி நேரம்!

அத்தை வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிவிட்டார். நான் எவ்வளவு சொன்னாலும் காலையில் பாலை அவர்தான் எடுத்துவருவார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பேன், இன்னும் அந்தப் பயம் போகவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டு, “உன் வேலையைப் பாரும்மா. தரை என்னைப் பிடிச்சுக்குது” என்பார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வாசலுக்கு மேஸ்திரி வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரை வாசற்படியில் நின்று ஊற்றிவிட்டு, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் வயதில் மூத்தவரையும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தையையும் ஒரு நடை நடக்கவிட்டுப் பாருங்கள். எந்தத் தரை வேண்டும் என்பதை அந்தத் தண்ணீரும் அந்தக் கால்களுமே சொல்லிவிடும். கடைக்காரரின் விலைப்பட்டியலை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.